மூன்றாவது சட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பாவுக்கு 67 வயதாகிறது. கோவையில் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் லேத் பிரிவில் வேலை பார்த்து 2016 இல் ஓய்வு பெற்றார். அங்கே கொடுத்த காக்கிச் சீருடைகளைத்தான் இன்றும் உடுத்துகிறார். தோட்டத்தில் மோட்டார் பழுது பார்ப்பதும், வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் டிரில்லிங் மெஷினில் ஏதாவது துளையிடுவதும் அந்த உடையில்தான். காலரும் கைமுனையும் நாராகத் தொங்குகின்றன. நான் வாங்கிக் கொடுத்த நான்கு சட்டைகள் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. கேட்டால், "வேலைக்குப் போகும்போது போட்டுக்கறேன்" என்கிறார். எந்த வேலைக்கு என்றால் பதில் இல்லை. உறவினர் வந்தாலும் அதே கந்தலோடு கேட்டைத் திறக்கிறார். இது சிக்கனமா, பழைய வேலையின் மீதுள்ள பிடிப்பா, அல்லது என்னிடம் காட்டும் வீம்பா? அவருக்குத் தெரியாமல் பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

கா.ம., பல்லடம்

அன்புள்ள கா.ம. அவர்களுக்கு,

உங்கள் அப்பா சொன்ன அந்தப் பதிலை நீங்கள் மழுப்பல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. அதற்குக் காரணம் என் அப்பாவின் சட்டைகள்.

அவர் சங்ககிரியில் லாரி மெக்கானிக்காக இருந்தார். எந்தக் காலத்திலும் அவரிடம் மூன்று காக்கிச் சட்டைகள் இருந்தன. அவற்றில் புதியது, உதிரி பாகம் வாங்கக் கடைக்குப் போகும்போதும் லாரி முதலாளியிடம் கணக்குப் பேசும்போதும் போடுவது. அடுத்தது பட்டறை மேசையில் நின்று செய்கிற வேலைக்கு. மூன்றாவது, சாக்கை விரித்து லாரிக்கு அடியில் மல்லாந்து படுக்கும் வேலைக்கு. மூன்றாவது சட்டை முழுதாக இற்றுப்போன பிறகுதான் புதிதாக ஒன்று தைக்கக் கொடுப்பார். அன்றைக்கு மற்ற இரண்டும் ஒரு படி கீழே இறங்கிவிடும். லாரிக்கு அடியில் படுப்பதற்கென்று ஒரு சட்டையை அவர் கடையில் வாங்கியதே இல்லை. யாரும் வாங்குவதில்லை. அந்த வேலைக்கு உரிய சட்டை, மேலே இருந்து தேய்ந்து தேய்ந்து வந்துதான் சேர முடியும்.

ஓய்வு பெற்றவருக்கு இந்தப் படிவரிசையின் மேல்படி போய்விடுகிறது. உங்கள் அப்பாவுக்கு மோட்டாரும் கொட்டகையும், அதாவது மூன்றாவது சட்டைக்கான வேலைகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. நீங்கள் கொடுத்ததோ நான்கும் முதல் சட்டைகள். மடிப்புக் கலையாத சட்டையை எடுத்த எடுப்பில் மசகெண்ணெய்க்குக் கொடுக்க, நாற்பது வருடம் கூலி வாங்கிய கைக்கு மனம் வராது. இதைச் சிக்கனம் என்று சொல்வதுகூட அரைகுறையான விளக்கம்தான். வீம்பு என்பது முற்றிலும் தவறு. வேலையின் மீதுள்ள பிடிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம், ஆனால் பிடிப்பு இருப்பவர் அந்தச் சீருடையைத்தான் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்.

அந்த உடை ஏன் இன்னும் தீரவில்லை என்பதற்குத் துணியே ஒரு காரணமாக இருக்கக்கூடும். என் அப்பா உடுத்தியது ட்ரில் என்கிற தடித்த, முழுப் பருத்தித் துணி. அது தேயும் இடங்களைப் பார்த்தே ஆள் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லிவிடலாம். அவருக்கு முதலில் நைந்தது முதுகில், தோள்பட்டை எலும்பு தரையில் அழுந்துகிற இரண்டு இடங்களில்; பிறகு ஸ்பேனரைத் துடைத்துத் துடைத்து வலது தொடை. பேட்டரி அமிலம் தெறித்த நாளில் துணியில் ஒன்றும் தெரியாது. அமிலம் பருத்தி இழையைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டிருக்கும். அம்மா டீசலில் ஊறவைத்து, சோடா போட்டு, கல்லில் இரண்டு அடி அடித்ததும் அம்மைத் தழும்பு போலத் துளைகள் விழும். துவைத்ததால் கிழிந்தது என்று அம்மாவுக்குத்தான் பேச்சு விழும். இப்போதைய சீருடைகளில் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. உராய உராய அதில் பருத்தி மட்டும் உதிர்ந்து போகும். பாலியெஸ்டர் இழை மெல்லிய வலையாக நிற்கும். சாயம் போய், மானம் போய், துணி மட்டும் போகாமல் நிற்கிற நிலை அது. உங்கள் அப்பா அந்த நிலையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பருத்தியின் முடிவு தெளிவானது. கிழிவது முடிவல்ல, கிழிந்தால் ஒட்டுப் போடலாம். ஊசி குத்திய துளையே கீறலாக ஓடி, போட்ட நூல் துணியை அறுத்துக்கொண்டு வரும்போது, "இனி தையல் நிக்காதுங்க" என்று தையல்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். சங்கப் பாட்டான பொருநராற்றுப்படையில், சோழ அரசன் கரிகாலனிடம் வருகிற பொருநன் என்ற பாட்டுக் கலைஞனின் கந்தலை, வியர்வையில் நனைந்து 'வேற்றிழை நுழைந்த' தையல் துணி என்கிறார் புலவர். பழைய துணிக்குள் வேறு நூல் புகுந்து புகுந்து, முதலில் நெய்த இழை எது, பிறகு தைத்த இழை எது என்று தெரியாமல் போன துணி அது. அரசன் அதை நீக்கிவிட்டு, பாம்புச் சட்டை போன்ற மெல்லிய ஆடையைக் கொடுக்கிறான். அந்தக் கந்தல் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கு எப்போதும் ஒரு கேள்வி உண்டு. அவ்வளவு மெல்லிய ஆடையோடு அவன் காட்டு வழியில் எப்படித் திரும்பிப் போயிருப்பான்?

ஆகவே, பாத்திரக்காரரிடம் போடாதீர்கள். ஒரு கிண்ணம்கூடத் தேறாது. அப்பாவின் நம்பிக்கையும் போய்விடும். அதற்குப் பதிலாக, மேல்படி ஒன்றை உண்டாக்கப் பாருங்கள். மின்வாரிய அலுவலகத்துக்கோ வங்கிக்கோ உங்களுக்காகப் போய்வரச் சொல்லுங்கள். உங்களால் உண்மையாகவே போக முடியாத நாளாக இருக்கட்டும், பாவனை செய்தால் கண்டுபிடித்துவிடுவார். புதுச் சட்டை ஓர் ஆண்டு அப்படி வெளியே போய்வந்து காலர் வெளுத்தால், தானாகவே கொட்டகைக்கு இறங்கிவிடும். உறவினருக்கு முன்னால் அவர் கந்தலோடு நிற்பது உங்களுக்குச் சங்கடம் என்றால், அந்தச் சங்கடத்தை நீங்கள்தான் கொஞ்ச காலம் தாங்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். நாராகத் தொங்கும் கைமுனையோடு அவர் டிரில்லிங் மெஷின் முன்னால் நிற்கக் கூடாது. சுழல்கிற முனையில் ஒரு நூல் சிக்கினால், கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. ஓடும் இயந்திரத்தை நெருங்கிப் பார்க்கிறவர் உடலோடு ஒட்டிய உடைதான் அணிய வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 22 ஆவது பிரிவில் எழுதி வைத்தார்கள். லேத்தில் காலம் கழித்தவருக்கு இது உங்களையும் என்னையும் விட நன்றாகத் தெரியும்; வீட்டுக் கொட்டகை என்பதால் அசட்டையாக இருக்கிறார், அவ்வளவுதான். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், அவரிடமே கேட்டு, இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலே வெட்டி மடித்துத் தைத்துவிடுங்கள். கைமுனைப் பொத்தான்கள் நன்றாக இருந்தால் முதலில் அவற்றை அறுத்து வைத்துக்கொள்வார், பாருங்கள்.