ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளை எங்கே?

கேள்வி: எங்கள் ஆண் குழந்தை பிறந்த மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர், அவரும் ஊழியம் செய்கிறவர்தான், "ஜென்மபாவத்தோடு போன பிள்ளை பரலோகம் போகாது" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் கணவர் ஆலயத்துக்கே வருவதில்லை. அவர் சொன்னது உண்மையா?
- பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்: உண்மை இல்லை, சகோதரி. இழவு வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இப்படிச் சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. யோவான் 3:5-ஐ அவர் காட்டக்கூடும். "ஒருவன் ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால்" என்பது இராத்திரியில் தேடிவந்து கேள்வி கேட்ட நிக்கொதேமுவுக்கு ஆண்டவர் சொன்னது, மூன்று நாள் பிள்ளைக்கு எழுதிய தீர்ப்பு இல்லை. சரி, தண்ணீர் இல்லாமல் யாருமே போக முடியாது என்றால் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தது? "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று அவனிடம் சொன்னவர் அதே ஆண்டவர்தானே.

அந்த உறவினரின் பேச்சுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது, அதை நீங்களும் உங்கள் கணவரும் தெரிந்துகொள்வது நல்லது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலேஜியுஸ் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஆதாமின் பாவம், அதாவது அந்த ஜென்மபாவம், பிள்ளைகளைத் தொடர்வதில்லை என்று போதித்தார்கள். அதை எதிர்த்தவர் வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்டின். அப்படியானால் சபை ஏன் பாவமன்னிப்புக்கென்று குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது என்று கேட்டார், அந்த வாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டே போய், ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கும் தண்டனை உண்டு என்ற இடத்தில் வந்து நின்றார். 418-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலேஜியுஸின் போதனையைக் கண்டித்தார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு இருப்பதிலேயே மிக இலேசான தண்டனைதான் என்று அகஸ்டினே எழுதிவைத்தார். தன் தர்க்கம் கொண்டுபோய் விட்ட இடம் அவருக்கே பாரமாக இருந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம் வந்த இறையியலாளர்கள் அந்தப் பாரத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். அப்படி வந்ததுதான், பரலோகமும் இல்லாத, வேதனையுள்ள நரகமும் இல்லாத லிம்போ என்ற நிலை. அங்கே வேதனை இல்லை, ஆனால் கடவுளின் தரிசனமும் இல்லை. பதிமூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி போய், அந்தப் பிள்ளைகள் தாங்கள் இழந்தது இன்னதென்று அறியாமல் ஒருவித இயல்பான மகிழ்ச்சியோடு இருப்பார்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து விவாதிக்கிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். பெற்றவர்களுக்குப் போதவில்லை.

எவ்வளவு போதவில்லை என்பதற்கு ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் உள்ள ஓபர்பூரென் என்ற ஊர் சாட்சி. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே மாதாவின் சொரூபம் இருந்த ஒரு கோயிலுக்கு, செத்துப் பிறந்த குழந்தைகளைத் தூரத்திலிருந்தெல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள். தணலுக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவே வைத்து அந்தச் சிறிய உடம்பைச் சூடாக்கி, உதட்டின் மேல் ஓர் இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் மூச்சு வந்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஞானஸ்நானம் கொடுத்துப் புனித மண்ணில் அடக்கம் செய்துவிடுவார்கள். அந்த வட்டாரத்து ஆயர் இதைக் கண்டித்து ரோமுக்கே எழுதினார். 1990-களில் அகழாய்வு செய்தபோது சுமார் 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. மூடநம்பிக்கை என்று அந்தத் தாய்மாரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடவுள் தங்கள் பிள்ளையை வெளியே நிறுத்திவிடுவார் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அயர்லாந்திலும் இதே கதைதான். திருச்சபைக் கல்லறையில் இடம் கிடையாது என்பதால் ஞானஸ்நானம் பெறாத சிசுக்களை ஊர் எல்லையிலும் வயல் ஓரத்திலும் புதைத்தார்கள், இருபதாம் நூற்றாண்டு வரைக்கும்.

இதை இவ்வளவு கண்டிப்பாகப் பிடித்திருந்த கத்தோலிக்கத் திருச்சபையே இன்று என்ன சொல்கிறது? 1992-இல் வந்த அதன் மறைக்கல்வி நூல் இந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது, லிம்போ என்ற பேச்சையே எடுக்கவில்லை. 2007-இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் குழு, இந்தப் பிள்ளைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்புவதற்குப் பலமான காரணங்கள் உண்டு என்று ஓர் ஆவணமே வெளியிட்டது. லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை என்பதையும் அது எடுத்துச் சொல்கிறது.

நம் புராட்டஸ்டன்ட் பக்கமும் யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. திருநெல்வேலிப் பக்கம் பல சபைகளுக்குத் தாய்மரபான ஆங்கிலிக்கன் சபையின் 1662 ஜெப புத்தகம், ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அடக்க ஆராதனையை நடத்தக் கூடாது என்று, தற்கொலை செய்தவர்களோடும் சபையிலிருந்து விலக்கப்பட்டவர்களோடும் சேர்த்து எழுதியிருக்கிறது. பிரஸ்பிடேரியன் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை "தெரிந்துகொள்ளப்பட்ட சிசுக்கள்", அதாவது கடவுள் தேர்ந்தெடுத்த சிசுக்கள், இரட்சிக்கப்படுகிறார்கள் என்று சொல்லி, மற்ற சிசுக்களைப் பற்றி வாய் திறக்காமல் விட்டது. அந்த மௌனத்துக்குள் எத்தனை பெற்றோர் நடுங்கியிருப்பார்கள்! அமெரிக்க பிரஸ்பிடேரியன் சபை 1903-இல்தான், குழந்தைப் பருவத்தில் இறக்கிற எல்லோரும் கிறிஸ்துவுக்குள் இரட்சிக்கப்படுகிறார்கள் என்று அதற்கு விளக்கம் கொடுத்தது.

ஆறுதல் சொல்கிறேன் என்று சிலர் "பன்னிரண்டு வயது வரை கணக்கு இல்லை" என்பார்கள். அந்த வயதை வேதம் எங்கேயும் குறிக்கவில்லை. நன்மை தீமை அறியாத பிள்ளைகள் கானானுக்குள் பிரவேசிப்பார்கள் என்று உபாகமம் 1:39-இல் இருக்கிறது, வலதுகை இடதுகை வித்தியாசம் அறியாத நினிவே ஜனங்களுக்காகக் கர்த்தர் பரிதபிக்கிறார். அவர் மனம் எப்படிப்பட்டது என்று அங்கே தெரிகிறது. ஆனால் உங்கள் மகன் பாவமே இல்லாதவன், அதனால் போனான் என்று நான் சொல்ல மாட்டேன். கிறிஸ்து அவனுக்காகவும் மரித்தார், அதனால் போனான் என்பேன். நீங்களும் நானும் போவதற்கும் அதைத் தவிர வேறு வழி கிடையாது. "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்று அவர் கோபப்பட்டுச் சொன்னது சீஷர்களிடம், அதாவது அவருக்கு ஊழியம் செய்தவர்களிடம். உங்கள் உறவினர் மாற்கு 10-ஐ எடுத்து மறுபடி வாசிக்கட்டும்.

உங்கள் கணவரை ஆலயத்துக்கு வரச் சொல்லி இப்போது நெருக்காதீர்கள். 2 சாமுவேல் 12-ஐ மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். பிள்ளை செத்த செய்தி கேட்டுத் தாவீது, "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்கிறான். அவனும் ஒரு தகப்பன். அடக்கத்தின்போது ஜெபம் எதுவும் செய்யவில்லை என்றால் உங்கள் ஆயரிடம் போய், கல்லறையில் வைத்து ஜெபம் நடத்த வேண்டும் என்று கேளுங்கள், பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயரைச் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள். ஞானஸ்நானத்தைக் காரணம் காட்டி மறுத்தால் எனக்கு எழுதுங்கள், நானே அவரிடம் பேசுகிறேன்.