கொட்டின்யோ தோற்றதற்கு யார் காரணம்? பரோட்டாக் கணக்கை யார் கொடுப்பது?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், நால்வருமே பார்சிலோனா கால்பந்துக் கிளப்பின் ரசிகர்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பிலிருந்து பெரிய விலைக்கு வாங்கி, எடுபடாமல் போன பிலிப்பே கொட்டின்யோவின் பேச்சு வந்தாலே சண்டைதான். வீரருக்கு மனத்திடம் இல்லை என்கிறான் ஒருவன். பயிற்சியாளர் வால்வெர்டே அவரை வீணடித்துவிட்டார் என்கிறான் இன்னொருவன். தலைவர் பார்தொமேவ்தான் குற்றவாளி என்பது மூன்றாமவன் கட்சி. எல்லாம் கெட்ட நேரம் என்பது என் கட்சி. தோற்றவன் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும் என்று பந்தயமும் கட்டிவிட்டோம். இப்படி ஒரு டிரான்ஸ்பர், அதாவது வேறு கிளப்பிலிருந்து வீரரை வாங்குவது, பொய்த்துப்போனால் பழி யாருக்கு என்று எப்படித் தீர்மானிப்பது?

பதில்: வீரர் ஆடிய ஆட்டங்களிலிருந்து தொடங்கினால் இந்தச் சண்டை முடியவே முடியாது. ஒப்பந்தம் கையெழுத்தான நாளுக்குப் போங்கள். அன்று அந்தக் கிளப்பிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: 'இவர் களத்தில் எந்த இடத்தில், யாருக்குப் பதிலாக நிற்கப்போகிறார்?' பதில் தெளிவாக வந்திருந்தால், பிறகு நடந்ததற்கு வீரரையும் பயிற்சியாளரையும் கேட்கலாம். பதிலே இல்லையென்றால் வாங்கியவரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கொட்டின்யோ கதையில் அந்த நாள் 2018 ஜனவரியில் வருகிறது. ஐந்து மாதங்களுக்கு முன்னால், 2017 ஆகஸ்ட்டில், பாரிஸ் கிளப் 22.2 கோடி யூரோவைக் கட்டி நெய்மரை அழைத்துக்கொண்டு போயிருந்தது. பார்சிலோனாவின் கையில் பணம் இருப்பதும், ரசிகர்கள் கொதித்துக்கொண்டிருப்பதும் ஐரோப்பா முழுவதற்கும் தெரியும். வாங்க வந்தவரின் மடியில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரிந்துவிட்டால் பேரம் அங்கேயே முடிந்தது. முதலில் டெம்பெலே என்ற இளம் வீரருக்கு 10.5 கோடி யூரோ. பிறகு கொட்டின்யோவுக்கு 12 கோடி. நிபந்தனைத் தொகைகளாக இன்னொரு 4 கோடி வரை. லிவர்பூல் பதறவில்லை. ஆகஸ்ட்டில் மறுத்தது, ஜனவரியில் நல்ல விலைக்கு விற்றது. அதே மாதம் தற்காப்பு வீரர் வான் டைக் வந்து சேர்ந்தார், அந்தக் கோடையில் கோல்கீப்பர் அலிசனையும் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, ஐரோப்பியக் கிளப்புகளின் மிகப் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பை அவர்கள் கையில்.

பார்சிலோனா அவசரப்பட்டதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். அந்தப் பருவத்தில் லிவர்பூலுக்காக ஏற்கெனவே சாம்பியன்ஸ் லீக் ஆடிவிட்டதால், அன்றைய விதிப்படி கொட்டின்யோ பார்சிலோனாவுக்காக அதில் ஆட முடியாது. கிளப் வரலாற்றிலேயே விலை உயர்ந்த வீரர் வெளியே உட்கார்ந்திருக்க, ரோமாவில் 3-0 என்று தோற்று அணி வெளியேறியது. ஐந்து மாதம் பொறுத்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

இனி இடம். லிவர்பூலில் அவர் இடப்புறத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து, வலது காலால் தூரத்து மூலைக்கு வளைத்து அடிப்பார். எதிரணியின் நடுக்களத்துக்கும் தற்காப்புக்கும் நடுவே, காலடியில் பந்து கிடைத்தால்தான் அவருக்கு உயிர் வரும். பார்சிலோனாவில் அந்த நிலத்துக்குப் பட்டா மெஸ்ஸியின் பெயரில் இருந்தது. நடுக்கள வீரர் இனியெஸ்டாவுக்கு மாற்று என்று சொன்னார்கள். ஆனால் இனியெஸ்டா பந்தைக் காத்து ஆட்டத்தின் தாளத்தைப் பிடிப்பவர். இவரோ பந்து கிடைத்ததும் கோலைப் பார்ப்பவர். கடைசியில் இடது ஓரத்தில் நிறுத்தினார்கள். அங்கே பின்னாலிருந்து இடது தற்காப்பு வீரர் ஜோர்டி ஆல்பா ஓடி வருவார், மெஸ்ஸியின் பந்து அவருக்குத்தான் போகும். வால்வெர்டே வீணடித்துவிட்டார் என்ற கட்சியை நான் பாதிதான் ஏற்பேன். சமையற்காரர் கேட்காத காயை வாங்கிக் கொடுத்துவிட்டு, சாம்பார் சரியில்லை என்று திட்டக் கூடாது.

வீரருக்குப் பங்கே இல்லையா? உண்டு. லிவர்பூலை விட்டுப் போக விண்ணப்பம் கொடுத்தவர் அவர்தான். முதல் அரைப் பருவத்தில் லீகில் 8 கோல் அடித்தவர், அடுத்த முழுப் பருவத்தில் அடித்தது 5. 2019 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகத் தூரத்திலிருந்து அற்புதமான ஒரு கோல் போட்டார். போட்டவர் கண்ணை மூடி, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றார். சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்களுக்கு முன்னால். சரியாக மூன்று வாரம் கழித்து லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில், அவருடைய பழைய கிளப்பிடமே அணி 4-0 என்று சரிந்த இரவில், அறுபதாவது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். மனத்திடம் பற்றிப் பேசும் உங்கள் நண்பருக்கு அந்த மூன்று வாரம் போதுமான ஆதாரம். ஆனால் தன் இடம் எதுவென்று தெரியாதவனிடம் தன்னம்பிக்கை எவ்வளவு நாள் தங்கும் என்பதையும் அவர் யோசிக்க வேண்டும்.

'அப்போதே விற்றுத் தொலைத்திருக்கலாமே' என்பார்கள். கணக்குப் புத்தகம் விடாது. டிரான்ஸ்பர் தொகையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுதோறும் ஒரு பகுதியைச் செலவாக எழுதுவதுதான் கிளப்புகளின் வழக்கம். அடிப்படைத் தொகையான 12 கோடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் ஐந்தரை ஆண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 2.2 கோடி. 2019 கோடையில் புத்தகத்தில் இன்னும் 8.7 கோடி அளவுக்கு நிற்கும். அதற்குக் குறைந்து விற்றால் அந்த ஆண்டே நஷ்டம் வெளியே தெரியும். அதனால்தான் இப்படிப்பட்ட வீரர்களை விற்காமல், சில காலத்துக்கு வேறு கிளப்பில் ஆடக் கடனாக அனுப்புகிறார்கள். கொட்டின்யோ ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குக்குப் போனார். 2022-இல் இங்கிலாந்துக் கிளப் ஆஸ்டன் வில்லா சுமார் 2 கோடிக்கு வாங்கியபோது, இந்தக் கணக்குப்படி புத்தகத்தில் மிஞ்சியிருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கடனாகப் போன இடத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 14, லிஸ்பன், ஆளில்லாத மைதானம். எதிரில் பார்சிலோனா. பயர்ன் 5-2 என்று முன்னிலையில் இருக்கும்போது மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஒரு கோலுக்குப் பந்து கொடுத்தார், இரண்டு கோலைத் தானே அடித்தார். 8-2. அப்போதும் அவர் பார்சிலோனாவின் ஒப்பந்த வீரர்தான்.

நண்பர்களோடு வேறு டிரான்ஸ்பர்களை அலசும்போதும் அதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட் 2022-இல் ஆண்டனியை 9.5 கோடி யூரோவுக்கு வாங்கியது. அவர் எங்கே நிற்பார் என்று பயிற்சியாளர் டென் ஹாகுக்குத் தெரியும். முன்பு நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பில் டென் ஹாகிடம் ஆடிய பையன். ஆகவே அங்கே பயிற்சியாளரைத் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் விலை? பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று, அதில் ஒன்று பிரென்ட்ஃபோர்டிடம் 4-0, பதறிப்போய்க் கடைசி நேரத்தில் கதவைத் தட்டியது நிர்வாகம். பிறகு ஸ்பெயினின் ரியல் பெட்டிஸ் கிளப்பில் அதே ஆண்டனி ஐரோப்பிய இறுதிப்போட்டி வரை அணியைக் கொண்டுபோக உதவினார். ஆள் மோசமில்லை, விலைதான் மோசம்.

உங்கள் 'கெட்ட நேரம்' கட்சிக்குப் பொருத்தமான ஆள் ஏடன் ஹசார்ட். இடம் தயாராக இருந்தது, ரியல் மாட்ரிட் விரும்பியே வாங்கியது. 2019 நவம்பரில் பாரிஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில், பெல்ஜிய அணித் தோழர் மியூனியே மோதியதில் கணுக்கால் போனது. அதன்பின் அவர் பழைய ஹசார்ட் ஆகவே இல்லை. கொட்டின்யோவுக்கும் 2020 டிசம்பரில் முழங்காலில் அடிபட்டதுதான். ஆனால் அதற்குள் கதை முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

ஆக, பந்தயத்தில் வென்றவர் பார்தொமேவைக் குற்றம் சொன்ன நண்பர். வீரரையும் பயிற்சியாளரையும் சொன்ன இருவரும் பாதிப் பாதி சரி என்பதால் அவர்களை விட்டுவிடலாம். பரோட்டாக் கணக்கு, மன்னிக்கவும், உங்களுடையது.