சாமியைச் சரியாக வரைவது

அன்புள்ள ஐயா,

நாங்கள் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையில் இருக்கிறோம். பூண்டு விவசாயம். எங்கள் கன்றுக்குட்டி போன மாதம் செத்துப்போனது. அதிலிருந்து என் ஐந்து வயது மகள் தோட்டத்து ஓரத்தில் மூன்று கல்லை நட்டு, தினமும் ஒரு பூவும் ஒரு பூண்டுப் பல்லும் வைக்கிறாள். சாமி படம் வரையச் சொன்னால் மேகத்துக்குள் இரண்டு பெரிய கண்களை வரைகிறாள். பத்து வயது அண்ணன் வேலும் மயிலும் அழகாக வரைவான். "இது சாமியே இல்லை" என்று கேலி செய்கிறான். டீச்சரும் "சரியா வரை" என்கிறாராம். திருத்துவதா, விட்டுவிடுவதா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

திருத்த வேண்டாம். சும்மா விட்டுவிடவும் வேண்டாம், பக்கத்தில் போய் உட்காருங்கள்.

உங்கள் பிள்ளைகள் இருவருமே அவரவர் வயதுக்குச் சரியாகத்தான் வரைகிறார்கள். எர்னஸ்ட் ஹார்ம்ஸ் என்ற உளவியலாளர், மூன்று வயது முதல் பதினெட்டு வரையுள்ள பிள்ளைகளைக் கடவுளை வரையச் சொல்லி, 1944இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஆறு வயது வரை கடவுள் கதையில் வருபவர்போல இருக்கிறார்: ராஜா, பூதம், மேகத்தில் குடியிருப்பவர். ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் பெரியவர்களின் சின்னங்கள் வந்துவிடுகின்றன. அந்த ஆய்வில் சிலுவை, உங்கள் வீட்டில் வேல். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தனக்கென்று ஒன்றைத் தேடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கற்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. கன்று எங்கே போனது என்று கேட்க ஐந்து வயதில் வார்த்தை போதாது. கேட்க முடியாததைக் கல்லாக நட்டிருக்கிறாள். அதற்குப் படைப்பது எதை? நீங்கள் மழையிலும் பனியிலும் பாடுபட்டு எடுக்கிற பூண்டை! உங்கள் வீட்டில் எது மதிப்பானது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இங்கிலாந்தில் டேவிட் ஹேயும் ரெபெக்கா நையும் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசி, 1998இல் எழுதியதும் இதையொட்டித்தான். மதத்தின் சொற்களே வராத பேச்சிலும் குழந்தையின் ஆன்மிகம் இருக்கிறது. தன்னோடு, பிறரோடு, உலகத்தோடு, கடவுளோடு தனக்குள்ள உறவை அது உணர்வதுதான் அதன் மையம் என்றார்கள். உங்கள் மகள் கன்றோடு உள்ள உறவை விடாமல் வைத்திருக்கிறாள்.

அதனால் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று குடையாதீர்கள். "இன்னைக்கு என்ன பூ வெச்சே?" என்று கேட்டால் போதும். போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். நாலு பேர் சிரித்துவிட்டால் அடுத்த கல்லை உங்களுக்குத் தெரியாமல்தான் நடுவாள். ஒருநாள் அவளாகவே நிறுத்திவிட்டால், சரி, அதையும் துருவ வேண்டாம்.

பையனைத் திட்டாதீர்கள். வேல் வரைவது அவன் ஊரோடு சேர்கிற வழி. குழந்தை வேலப்பர் கோயிலுக்கு இருவரையும் கூட்டிப்போங்கள். அருணகிரிநாதரைக் காக்க முருகன் குழந்தையாக வந்த கதையை உங்கள் ஊரில் சொல்வார்களே, அதை அவனையே தங்கைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், டீச்சரிடம் கன்றுக்குட்டி செத்ததைச் சொன்னீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். அது தெரிந்தால் அந்தக் கண்களை அவர் வேறு மாதிரி பார்ப்பார்.

அன்புடன்