டீசல் தாங்கி: கோலில் 150 செ.மீ., போனில் 126 (களுவாஞ்சிக்குடி பெற்றோல் செட்)

அளவுகோல் விட்டால் 150, தாங்கிச் சென்சர் போனுக்குக் காட்டுறது 126, சென்சரை மாற்றணுமா என்று கேட்டிருக்கீங்க. மாற்றாதீங்க, அது சரியாத்தான் வேலை செய்யுது. 126ஐ 150ஆல் வகுங்க: 0.84. தண்ணீர் 1 என்றால், அதுதான் டீசலின் அடர்த்தி. அமுக்கத்தை வைத்து மட்டம் சொல்லும் உங்கட 2 மீற்றர் சென்சருக்குத் தண்ணீர்க் கணக்கு ஏற்றியிருக்காங்க போல.

உறுதிப்படுத்த, பவுசர் (எரிபொருள் லொறி) இறக்க முன்னமும், இறக்கி டீசல் அடங்கின பிறகும் கோல் விடுங்க. இரண்டு தரமும் அதே 0.84 வந்தால் அடர்த்திதான். விகிதம் மாறி, வித்தியாசம் மட்டும் அதே செ.மீ.யில் நின்றால், சென்சர் அடியைத் தொடாமல் தொங்குது. அதற்கு வயரை இறக்கிக் கட்டணும்.

அடர்த்தி என்றால், கொன்ட்ரோலரில் (சென்சர் அனுப்பும் 4 முதல் 20 மில்லி அம்பியர் மின்னோட்டத்தை மட்டமாக மாற்றும் பெட்டி) 20 மில்லி அம்பியருக்கு 2.00 மீற்றர் என்றிருப்பதை 2.38 ஆக்குங்க. 4 மில்லி அம்பியர் பூச்சியமாகவே இருக்கட்டும். 150 செ.மீ.க்கு 14.08 மில்லி அம்பியர் ஓடணும். இதை அலுவலகப் பெனலில் மட்டும் அளவுங்க. சாதாரண மல்ரிமீற்றரோட தாங்கி வாயடிக்குப் போகவே வேண்டாம், பக்கத்தில் பெற்றோல் ஆவி நிற்கும்.

லீற்றர் பிறகும் பிழைத்தால்: தாங்கி படுத்த உருளை, செ.மீ.யை நேராகப் பெருக்க ஏலாது. தாங்கியோட வந்த அட்டவணையைத்தான் ஏற்றணும்.

ஒன்று, சென்சர் வயருக்குள் மெல்லிய காற்றுக் குழாய் இருக்கும். மாரியில் அதற்குள் ஈரம் போய் அடைத்தால் மட்டம் காலையொன்று மாலையொன்று காட்டும். ஐப்பசிக்கு முதல் அந்தக் குழாய் முடியும் பெட்டியில் இருக்கிற, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்றி வையுங்க.

டீசல் இருப்புக் கணக்கு முடிக்கிறதுக்குக் கோல் அளவையே எழுதுங்க. அடியில் தண்ணீர் நின்றால் இந்தச் சென்சருக்குப் பிரித்துத் தெரியாது.