சறுக்குமரத்தில் மற்ற பிள்ளைகளைத் தள்ளும் 5 வயது மகன்

ஆட்டிசம் உள்ள உங்கள் மகன் கவின், பூங்காவில் சறுக்குமரத்துக்குக் காத்திருக்காமல் மற்ற பிள்ளைகளைத் தள்ளுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே "வெயிட் பண்ணு" என்று சொல்வதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் அம்மா. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு எப்போது முடியும் என்றே புரியாது. உங்கள் மகன் முன்னால் நிற்பவரைத் தள்ளுவதும் பெரும்பாலும் அதனால்தான்.

முதலில் வீட்டில், உங்களோடு மட்டும் முறை மாற்றி விளையாடப் பழக்குங்கள். 10 கட்டைகள் எடுங்கள். அவன் ஒன்று அடுக்கட்டும், நீங்கள் ஒன்று. உங்கள் முறை 2 விநாடிக்கு மேல் போக வேண்டாம். "உன் முறை" என்று சொல்லாதீர்கள். கேட்டதையே திருப்பிச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், தன் முறைக்கும் "உன் முறை" என்றே பழகிவிடுவான். பெயரைச் சொல்லுங்கள்: "கவின் முறை, அம்மா முறை." பழகியதும் 5 விநாடி, பிறகு 10, விரல் மடக்கி எண்ணிக் காட்டுங்கள்.

கூட்டமில்லாத நேரத்தில், ஒரே பிள்ளை முன்னால் நின்றாலும் தள்ளுகிறானா என்று பாருங்கள். இல்லையென்றால் சிக்கல் பெரும்பாலும் நெரிசலும் சத்தமும்தான். அப்போது இந்தப் பயிற்சி மட்டும் போதாது.

கடிப்பது, தன்னையே அடித்துக்கொள்வது இருந்தால் தெரபிஸ்ட்டிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.