பைக்குப் பயந்து சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. பெருங்குடலின் வலது பக்கத்தில் புற்றுநோய் என்கிறார்கள். வயிற்றில் துளை போட்டு மலம் சேரும் பை வைத்துவிடுவார்கள் என்று சத்திரசிகிச்சைக்கு மறுக்கிறார். 2009இல் ஷெல் பட்டு ஏற்கனவே வயிறு வெட்டப்பட்டவர். என்ன செய்யலாம்? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: அப்பாவின் பயம் விளங்குகிறது. ஆனால் பை வேண்டாம் என்றால் இப்போதே செய்துகொள்வதுதான் நல்லது. வலது பக்கக் கட்டிக்கு, திட்டமிட்டுச் செய்யும்போது பெரும்பாலும் பை தேவைப்படாது. சிறுகுடலின் கடைசித் துண்டோடு வலது பெருங்குடலை எடுத்துவிட்டு, மிச்ச இரண்டு முனைகளையும் பொருத்தித் தைத்துவிடுவார்கள். நாள் கடத்தி, குடல் அடைபட்டு வயிறு ஊதி, நடுச்சாமத்தில் அவசரமாக வெட்டும் நிலை வந்தால்தான் பை வைக்கவேண்டி வரும் வாய்ப்புக் கூடும். அப்படி வைத்தாலும் பலருக்குப் பிறகு எடுத்துவிடலாம்.

ஷெல் காயத்தை மட்டும் மறைக்க வேண்டாம். பழைய வெட்டுக்குப் பிறகு குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். பிரித்தெடுக்க நேரமாகும், சிறு துளை வழியாகச் செய்ய முடியாமலும் போகலாம். இடம்பெயர்வில் பழைய ஆஸ்பத்திரித் துண்டுகள் தொலைந்திருந்தால், அப்போது குடலை வெட்டினார்களா என்று நினைவிருப்பதையாவது சொல்லட்டும். உடம்பில் உலோகத் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கமுன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வலது பக்கக் கட்டி சத்தமில்லாமல் குருதியைக் கசியவிடும். வயலில் சீக்கிரம் களைக்கிறார் என்றால் அதுவாக இருக்கலாம். ஹீமோகுளோபினைச் சரிசெய்துவிட்டுத்தான் வெட்டுவது நல்லது. அஸ்பிரின், வார்பரின் போன்ற, குருதி உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து போடுகிறவர் என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வாந்தி என்றால் உள்ளே குடலைப் பொருத்திய தையல் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். கிளினிக் திகதி வரும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கிட்டடி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இரவில் வாகனம் கிடைக்காத ஊர் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று முன்னரே பேசி வையுங்கள். ஆறு கிழமைக்குப் பசளை மூட்டை, தண்ணீர் வாளி தூக்கக் கூடாது. நடப்பது மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

அப்புறம், ஆய்வுகூட அறிக்கை. குடலோடு எடுத்த நிணநீர் முடிச்சுகளில் (புற்றுநோய் பரவக்கூடிய சிறு கழலைகள்) குறைந்தது 12ஐயாவது பார்த்திருக்க வேண்டும். அதில் ஒன்றிலேனும் புற்றுநோய் இருந்தால் பெரும்பாலும் கீமோ (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை) தேவை. அதை எட்டுக் கிழமைக்குள் தொடங்குவது நல்லது. தெல்லிப்பழை அல்லது மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அந்த அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள், ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.