கராஜுக்குள் ஒரு ஆள்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். மாய யதார்த்தத்தை, அதாவது அன்றாட வாழ்க்கைக்கு நடுவே ஒரு அதிசயம் சாதாரணமாக நுழைந்துவிடும் கதை வகையை, அறிமுகப்படுத்த ஒரு நாவல் தேடுகிறேன். மந்திரக்கோல், டிராகன் எல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. அதற்காக, இந்த வகையில் பெரியவர்களுக்கு எழுதிய கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸைத் தூக்கி இந்த வயதில் கையில் கொடுக்க முடியுமா? வகுப்பில் சேர்ந்து படிக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்களேன்.
— ஓர் ஆசிரியை

பதில்: யோசிக்கவே வேண்டாம், டேவிட் ஆல்மண்ட் எழுதிய ‘ஸ்கெல்லிக்’. 1998-இல் வந்தது, சிறுவர் நூல்களுக்கான பிரிட்டனின் கார்னெகி பதக்கம் வாங்கியது. அத்தியாயங்கள் ரொம்பச் சின்னவை, ஒரு பீரியடில் உரக்கப் படித்துவிட்டுப் பேசவும் நேரம் இருக்கும்.

மைக்கேல் என்ற பையன் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறான். கைக்குழந்தையான தங்கைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் எல்லோருக்கும் அதே கவலை, இவனைக் கவனிக்க ஆளில்லை. இடிந்து விழக் காத்திருக்கும் கராஜுக்குள் நுழைந்தால், தட்டுமுட்டுச் சாமானுக்குப் பின்னால் தூசியும் செத்த ஈக்களுமாக ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவன் கேட்பது என்ன தெரியுமா? ஆஸ்பிரின்! அப்புறம் சைனீஸ் சாப்பாடு, அதுவும் மெனுவில் 27-ம் 53-ம். ஆளுக்கு மூட்டுவலி வேறு. ஆனால் கோட்டுக்கு மேல் முதுகைத் தொட்டுப் பார்த்தால் அடியில் ஏதோ மடங்கிக் கிடக்கிறது.

அவன் யார் என்று கடைசிவரை ஆசிரியர் சொல்வதே இல்லை. உங்கள் பாடமே இதுதான். டிராகன் கதைகளில் வேறு உலகம் இருக்கும், அதற்கென்று சட்டதிட்டம் இருக்கும், எல்லாவற்றையும் விளக்க ஒரு தாடிக் கிழவர் வருவார். இங்கே பள்ளிக்கூடம், ஃபுட்பால், ஆஸ்பத்திரி எல்லாம் நாம் பார்க்கிறபடியே இருக்கின்றன, நடுவில் ஒரே ஒரு விஷயம் மட்டும் பொருந்தாமல் உட்கார்ந்துகொண்டு இருமுகிறது. இறக்கை ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம் என்று பிள்ளைகளையே கரும்பலகையில் பட்டியல் போடச் சொல்லிப் பாருங்கள், மாய யதார்த்தம் என்ற வார்த்தையை நீங்கள் அப்புறம் சொன்னால் போதும்.

“அவன் மைக்கேலோட கற்பனை, மிஸ்” என்று ஒரு குரல் கட்டாயம் வரும். தப்பு என்று வெட்டிவிடாதீர்கள். சரி, அப்படியானால் பக்கத்து வீட்டு மினா கண்ணுக்கு அவன் எப்படித் தெரிகிறான், ஆஸ்பத்திரியில் ராத்திரி அம்மா பார்த்தது யாரை என்று திருப்பிக் கேளுங்கள். அரை மணி நேரம் சண்டை நடக்கும், நடக்கட்டும். ‘இறக்கை எதன் குறியீடு, 5 மதிப்பெண்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்!

மைக்கேலின் வகுப்பில் பரிணாமம் பாடமாக வருகிறது, வீட்டிலேயே படிக்கும் மினா, இறகு முளைத்த டைனோசரான ஆர்க்கியாப்டெரிக்ஸ் பற்றிப் பேசுகிறாள். அறிவியல் ஆசிரியர் ஒத்துவந்தால் ஒரு வகுப்பை அவரிடம் விட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் கவனம். குழந்தைக்கு இதய ஆபரேஷன் நடக்கும் பகுதி கனமானது. வீட்டில் தம்பியோ தங்கையோ நோயில் கிடக்கிற பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். அந்தப் பக்கங்கள் வருவதற்கு முந்தின நாளே, தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.